பாதி மட்டும் தெரிந்த உறவுகளுக்கு ஏற்ற மென்பொருள்: கிராம்ப்ஸ்

குடும்ப மரம் வரைவதற்கென்று இன்று கிடைக்கும் மென்பொருள்களும் இணையச் சேவைகளும் பெரும்பாலும் ஒரே வகை ஆளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. தன்னிடமிருந்து தொடங்கித் தாய் தந்தை, தாத்தா பாட்டி, அவர்களைப் பெற்றவர்கள் என்று மேல்நோக்கி ஏறிச் செல்ல விரும்புபவர் அவர். ஏறுபவருக்கு ஒரு வசதி உண்டு. இரண்டு, நான்கு, எட்டு என்று ஒவ்வொரு தலைமுறையிலும் எத்தனை பேரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். பூர்வீகத் தம்பதியிலிருந்து தொடங்கி, அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்கள் வழி வந்தவர்கள் என்று கீழ்நோக்கி இறங்குபவருக்கு அந்த வசதி கிடையாது. எத்தனை பேரைத் தேடுகிறோம் என்பதே தேடி முடித்த பிறகுதான் தெரியும். முடிந்துவிட்டதா என்பதும் உறுதியாகத் தெரியாது. இந்த இறங்குமுகமான வேலைக்குக் கிராம்ப்ஸ் என்ற மென்பொருள் எந்த அளவுக்கு ஈடுகொடுக்கிறது என்பதை, பெங்களூரில் இருந்துகொண்டு அதைத் தொடர்ந்து பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

கிராம்ப்ஸ் 2001இல் தொடங்கப்பட்ட கட்டற்ற மென்பொருள். தன்னார்வலர்கள் அதைப் பைத்தான் மொழியில் எழுதிப் பராமரித்து வருகிறார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். விலை கிடையாது, ஆண்டுச் சந்தா கிடையாது, இத்தனை பேரைத்தான் சேர்க்கலாம் என்ற உச்சவரம்பும் கிடையாது. பதிவு செய்யும் விவரங்கள் யாவும் நம்முடைய கணினியிலேயே தங்குகின்றன. பெங்களூரின் மின்னணுச் சந்தையான எஸ்.பி. ரோட்டில் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி இந்த வேலைக்கென்றே ஒதுக்கிவைத்தாலும் போதும். நிறுவுவதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

நான் தொகுத்து வருவது என் தந்தைவழிக் கொள்ளுத்தாத்தாவின் வம்சத்தை. குடியாத்தம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வேலை தேடிக் கோலார் தங்க வயலுக்கு வந்தவர் அவர். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே சுரங்கத் தொழிலைப் பெரிய அளவில் தொடங்கிய பிறகு, வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பலர் அங்கே குடியேறினார்கள். அவருடைய பதினொரு பிள்ளைகளில் சிலர் சாம்பியன் ரீஃபிலும் மாரிக்குப்பத்திலும் தங்கிவிட்டார்கள். மற்றவர்கள் அல்சூர், சிவாஜிநகர், மர்பி டவுன் என்று பெங்களூர்க் கண்டோன்மென்ட் பக்கம் வந்து சேர்ந்தார்கள். 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டதும் தங்க வயலில் மிஞ்சியிருந்த கிளைகளும் கலைந்தன. சிலர் அங்கிருந்தபடியே நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். சிலர் ஓசூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டார்கள். இப்படிச் சிதறிய குடும்பத்தில் முழு விவரமும் தெரிந்த ஆள் என்று யாரும் இல்லை. ஒவ்வொருவருக்கும் தம் கிளை முழுதாகவும் பக்கத்துக் கிளை அரைகுறையாகவும் தெரியும்.

ஆகையால் இத்தகைய மென்பொருளுக்கு நான் வைக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: பாதி மட்டும் தெரிந்த ஆளை அது எப்படி ஏற்றுக்கொள்கிறது? "நடு அத்தைக்கு மூத்த பிள்ளை ஒண்ணு இருந்தது, பம்பாய்க்குப் போயிட்டான், பேரு மறந்துபோச்சு" என்று சின்னப் பாட்டி சொல்லும்போது, அந்தச் செய்தியில் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. ஆனால் ஓர் ஆள் இருக்கிறார், அவருக்குத் தாய் யார் என்பது தெரியும், உடன்பிறந்தவர்களுள் அவருடைய வரிசை தெரியும், போன ஊர் தெரியும். கைப்பேசிச் செயலிகள் சிலவற்றில் பெயரைத் தட்டச்சு செய்யாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடிவதில்லை. கிராம்ப்ஸ் பெயரில்லாத ஆளையும் ஏற்கிறது. அவருக்கென்று ஓர் அடையாள எண்ணைத் தானே கொடுத்து, தாயின் குடும்பத்தில் முதல் பிள்ளையாக உட்கார வைத்துவிடுகிறது. பிறந்த தேதி தெரியாவிட்டாலும் பிள்ளைகளின் வரிசையைக் கையால் மேலும் கீழும் நகர்த்தி அமைக்கலாம். வயதுக்கணக்கைவிட மூத்தவர் யார், இளையவர் யார் என்பதை உறுதியாக நினைவில் வைத்திருக்கும் நம் வீடுகளுக்கு இது மிகப் பெரிய உதவி. 'கேட்க வேண்டும்' என்று நாமே ஒரு வண்ணக் குறியை உண்டாக்கி இத்தகைய ஆட்களுக்கெல்லாம் ஒட்டிவிட்டால், அடுத்த திருமண வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அந்தக் குறியுள்ளவர்களை மட்டும் வடிகட்டிப் பட்டியலெடுத்துக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

கிராம்ப்ஸின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ளச் சிறிது காலம் பிடிக்கும். ஆள், குடும்பம், நிகழ்வு, இடம், ஆதாரம், மேற்கோள், ஆதாரம் இருக்கும் இடம், படம், குறிப்பு ஆகிய ஒவ்வொன்றும் அதில் தனித்தனிப் பதிவு. திருமணம் என்பது ஓர் ஆளின் பக்கத்தில் எழுதப்படும் ஒரு வரியாக இல்லாமல், குடும்பம் என்ற பதிவோடு இணைந்த நிகழ்வாக நிற்கிறது. தொடக்கத்தில் இது வேண்டாத சுற்றுவழியாகத் தோன்றலாம். ஆனால் ஒரே திருமண அழைப்பிதழிலிருந்து பத்துப் பேரைப் பற்றிய செய்தி கிடைக்கும்போதுதான் இதன் அருமை விளங்கும். அழைப்பிதழை ஒருமுறை ஆதாரமாகப் பதிந்து, படத்தையும் இணைத்துவிட்டால், அந்தப் பத்துப் பேருடைய பதிவுகளிலிருந்தும் அதைச் சுட்டலாம். பின்னாளில் ஒருவர் மறுத்துப் பேசினால் அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்பதை உடனே எடுத்துக் காட்டலாம்.

நம் குடும்பங்களைப் பொறுத்தவரை ஆதாரம் என்றால் முதலில் நிற்பது இந்த அச்சடித்த பத்திரிகைகள்தான். நல்ல திருமண அழைப்பிதழ் ஒன்றில் மணமக்களின் பெற்றோர் மட்டுமல்லாமல், இன்னாரின் பேரன், இன்னாரின் பேத்தி என்று இரு பக்கத்துத் தாத்தாக்களும் ஊரோடு வந்துவிடுகிறார்கள். தாய்மாமன்மார் பெயரும் பல வீடுகளில் இடம்பெறும். பெங்களூர்ச் சுல்தான்பேட்டை அச்சகங்களில் அடிக்கப்பட்ட பழைய அழைப்பிதழ்களைப் பெட்டியடியில் சேர்த்துவைத்திருக்கும் ஒரு பெரியம்மா எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவரைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. கருமாதிப் பத்திரிகை இதைவிடவும் மேலானது. இறந்தவரின் மகன்கள், மருமகள்கள், மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள் என்று ஒரு முழுக் கிளையையும் வரிசை பிறழாமல் அச்சிட்டுத் தருவது அது ஒன்றுதான். அதை எழுதிக் கொடுப்பவர்கள் யாருடைய பெயரும் விடுபட்டுவிடக் கூடாது என்று அஞ்சி அஞ்சி எழுதுகிறார்கள். விடுபட்டால் பந்தியிலேயே சண்டை வரும். வம்சம் தேடுபவருக்கு இதைவிட நம்பகமான எழுத்தர் கிடைக்கமாட்டார்.

குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி வாங்கும் பங்காளிகள் வைத்திருக்கும் நோட்டும் நல்ல ஆதாரமே. ஆனால் அதில் திருமணமான ஆண்களே தலைக்கட்டாகக் கணக்கில் வருவார்கள். மகள் வேறு வீட்டுக்குப் போனதும் அவளும் அவள் வழி வந்தவர்களும் நோட்டிலிருந்து மறைந்துவிடுவார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பதினொரு பிள்ளைகளில் ஆறு பேர் பெண்கள். நோட்டை மட்டும் நம்பியிருந்தால் வம்சத்தில் பாதிக்கு மேல் இல்லாமலே போயிருக்கும். கிராம்ப்ஸில் மகன் வழியும் மகள் வழியும் ஒரே மாதிரிதான் இறங்குகின்றன. அதனால் பெண்பிள்ளைகளின் பக்கத்தில் எங்கெல்லாம் வெறுமை இருக்கிறது என்பது பட்டியலைப் பார்த்த உடனே கண்ணில் உறுத்துகிறது. கருமாதிப் பத்திரிகைகளைத் தேடி நான் அலைவது பெரும்பாலும் இந்த வெறுமைகளை நிரப்பத்தான்.

அரசாங்கத் தாள்களில் கர்நாடகத்தில் வழங்கும் வம்சவிருட்சச் சான்றிதழ் குறிப்பிடத்தக்கது. சொத்துப் பாகத்துக்கும் பெயர் மாற்றத்துக்கும் வருவாய்த் துறையிடம் வாங்கும் தாள் அது, நாடகச்சேரி எனப்படும் உள்ளூர் வருவாய் அலுவலகங்களில் விண்ணப்பிப்பார்கள். தமிழ்நாட்டுப் பக்கத்துக் கிளைகளிடம் வட்டாட்சியர் அலுவலக வாரிசுச் சான்றிதழ் இருக்கும். இரண்டுமே ஒரு குறிப்பிட்ட தேவைக்காக எடுக்கப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது. வாரிசுச் சான்றிதழ் ஒருவர் இறந்தபோது இருந்த வாரிசுகளைத்தான் சொல்லும். அதற்கு முன்பே பிள்ளையில்லாமல் போய்ச் சேர்ந்தவரைப் பற்றி அதில் பேச்சே இருக்காது. இந்த வேறுபாட்டைக் குறித்துவைக்கவும் கிராம்ப்ஸில் இடம் உண்டு. ஒவ்வொரு மேற்கோளுக்கும் அதன் நம்பகத்தன்மையை மிகக் குறைவு முதல் மிக அதிகம் வரை ஐந்து நிலைகளில் அளவிட்டு வைக்கலாம். பாட்டி சொன்னது ஒரு நிலை, பத்திரிகையில் அச்சானது ஒரு நிலை, சான்றிதழில் இருப்பது வேறொரு நிலை; எது மேல் என்பது செய்திக்குச் செய்தி மாறும். பிறந்த தேதி விஷயத்தில் நான் பள்ளிச் சான்றிதழைக் கீழே வைத்து, ஜாதகத்தை மேலே வைக்கிறேன். தலைமையாசிரியர் தம் வசதிக்காக ஜூன் 1 என்று எழுதிக்கொண்டவர்கள் எங்கள் குடும்பத்திலேயே ஒரு கூட்டம் இருக்கிறார்கள்.

ஜாதகம் என்றதும் தேதிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிரிகோரியன் நாட்காட்டியோடு ஜூலியன், ஹீப்ரு, இஸ்லாமிய, பாரசீக நாட்காட்டிகளையும், பிரெஞ்சுப் புரட்சிக்கால நாட்காட்டியையும்கூடக் கிராம்ப்ஸ் அறியும். நம்முடைய அறுபதாண்டுச் சுழற்சியை மட்டும் அறியாது. விய வருடம் ஆவணி மாதம் பிறந்தவர் என்று ஜாதகத்தில் இருந்தால், நாமே கணக்குப் போட்டு 1946 ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை என்று எழுத வேண்டும். நல்ல வேளையாக, இரு தேதிகளுக்கு இடையில், ஏறத்தாழ, இதற்கு முன், இதற்குப் பின் என்று நிச்சயமில்லாத தேதிகளை எழுத முறையான வழி இருக்கிறது. மாதமும் இல்லாமல் ஆண்டுப் பெயர் மட்டும் கிடைத்தால், அறுபதாண்டு இடைவெளியில் எந்தச் சுற்று என்பதையும் தீர்மானிக்க வேண்டும். தாது வருடம் என்றால் 1876ஆ, 1936ஆ? எங்கள் குடும்பத்தில் தாது வருடத்தில் பிறந்ததாகச் சொல்லப்படும் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சக் காலத்தவர், மற்றவர் அவருடைய பேரன், அதுவும் தாத்தாவின் பெயரையே கொண்டவர். இத்தகைய குழப்பம் பதிவில் நுழைந்துவிட்டால் அதைப் பிடிக்கத் தரவுச் சரிபார்ப்பு என்ற கருவி உதவுகிறது. தாய் மிகவும் சிறிய வயதினளாக இருந்தாலோ, தம்பதிக்கிடையே வயது வேறுபாடு அளவுக்கு மீறினாலோ, இறந்த பிறகு பிள்ளை பிறந்ததாக எழுதியிருந்தாலோ அது எச்சரிக்கும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் இருக்கும்வரை இந்தக் கருவிக்கு நம்மிடம் வேலை இருந்துகொண்டே இருக்கும்.

பெயர்களைப் பொறுத்தவரை, கிராம்ப்ஸ் குடும்பப் பெயர் உள்ள சமூகங்களுக்காக எழுதப்பட்டது என்பது முதல் திரையிலேயே தெரிந்துவிடும். ஆயினும் அதன் ஆசிரியர்கள் உலகம் முழுவதும் அப்படி இல்லை என்பதை அறிந்திருக்கிறார்கள். புதிய பிள்ளையைச் சேர்க்கும்போது குடும்பப் பெயரை எப்படி ஊகிக்க வேண்டும் என்ற அமைப்பில், தந்தையின் குடும்பப் பெயர், தாய் தந்தை இருவருடையதும், எதுவும் வேண்டாம் என்பவற்றோடு ஐஸ்லாந்து முறை என்றும் ஒன்று இருக்கிறது. அந்த நாட்டிலும் பெரும்பாலும் தந்தையின் பெயர்தான் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் சேர்கிறது. நமக்கு எதுவும் வேண்டாம் என்பதே பொருந்தும். தந்தை பெயரைத் தந்தைவழிப் பெயர் என்ற வகையில் சேர்த்து, பெயர் காட்டும் முறையையும் நம் விருப்பப்படி மாற்றி அமைத்துக்கொண்டால், தலைப்பெழுத்து முன்னால் வர, தமிழ்ப் பெயர் தமிழ்ப் பெயராகவே நிற்கிறது. வீட்டில் அழைக்கும் பெயர், சான்றிதழ்ப் பெயர், மதம் மாறிய பின் சூட்டிய பெயர் என்று ஒருவருக்கு எத்தனை பெயர்களையும் இணைக்கலாம். ஒரே ஆளை இரண்டு பெயர்களில் இருமுறை பதிந்துவிட்டது பின்னர் தெரியவந்தால் இரண்டையும் ஒன்றாக்கும் வசதியும் உண்டு. ஆனால் அத்தகைய இரட்டைப் பதிவுகளைத் தேடித் தரும் கருவியில், ஒத்த ஒலியுள்ள பெயர்களைக் கண்டறியும் ஒலிக்குறியீட்டு முறை ஆங்கில எழுத்துகளுக்கென்று அமைந்தது. தமிழில் பெயர் எழுதுபவர்கள் அதை அணைத்துவிடுவது நல்லது.

இனி, இந்த மென்பொருளுக்கு நான் வைத்த கடுமையான சோதனைக்கு வருகிறேன். கொள்ளுத்தாத்தாவின் மூன்றாவது பிள்ளையான மகளுக்குப் பிறந்த இரண்டாவது பெண்ணை, அவளுடைய தாய்மாமனும் கொள்ளுத்தாத்தாவின் ஏழாவது பிள்ளையுமான மகனே மணந்துகொண்டார். நம்மிடையே இது புதிதல்ல. தென்னாட்டில் பல சமூகங்களில் வழிவழியாக நடந்துவந்த உறவுமுறைத் திருமணம்தான். ஆனால் மரத்தில் எழுதும்போது அந்தப் பெண் கொள்ளுத்தாத்தாவுக்குப் பேத்தியும் ஆகிறாள், மருமகளும் ஆகிறாள். அவளுடைய பிள்ளைகள் தந்தை வழியில் பேரப்பிள்ளைகள், தாய் வழியில் கொள்ளுப்பேரப்பிள்ளைகள். கிளை பிரிந்துகொண்டே போகும் என்று மட்டும் எதிர்பார்த்து எழுதப்பட்ட செயலிகள் இங்கேதான் திணறுகின்றன. ஒரே ஆளை இரண்டாவது முறை புதிதாகச் சேர்க்கச் சொல்லும் செயலிகளையும் பார்த்திருக்கிறேன். கிராம்ப்ஸில் ஏற்கெனவே இருக்கும் இருவரையும் எடுத்து ஒரு குடும்பமாக்கினால் வேலை முடிந்தது. வழித்தோன்றல் பட்டியலை அச்சிடும்போது அவளுடைய மூத்த பிள்ளைக்கு, ஒவ்வொரு தலைமுறையிலும் பிள்ளையின் வரிசை எண்ணைப் புள்ளியிட்டுச் சேர்க்கும் டபோவில் எண்முறைப்படி 1.7.1 என்று ஓர் எண்ணும், 1.3.2.1 என்று இன்னோர் எண்ணும் வருகின்றன. இரண்டுமே சரிதான். ஆயினும் வம்சத்தில் எத்தனை பேர் என்று கணக்கிட அச்சிட்ட பட்டியலின் வரிகளை எண்ணக் கூடாது. இன்னாரின் வழித்தோன்றல்கள் என்ற வடிகட்டியை இட்டால் ஒவ்வோர் ஆளும் ஒருமுறைதான் எண்ணப்படுவார்.

எண்முறையைத் தேர்ந்தெடுப்பதிலும் சிறிது கவனம் வேண்டும். ஹென்றி எண்முறையில் 132, 171 என்று இலக்கங்கள் ஒட்டியே வரும். ஒருவருக்கு ஒன்பது பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் பத்தாவது பிள்ளைக்கு இலக்கம் போதாமல் ஆங்கில எழுத்துக்குப் போக வேண்டியிருக்கும். பதினொரு பிள்ளை பெற்றவரின் வம்சத்துக்குப் புள்ளி வைத்து எழுதும் டபோவில் முறையே ஏற்றது. சுற்றி வந்து இணையும் உறவுகளைப் படமாகப் பார்க்க விரும்புபவர்கள், வரைபடம் வரையும் நிரலான கிராஃப்விஸ் உதவியோடு வரையப்படும் உறவு வரைபடத்தைப் பயன்படுத்தலாம். அதில் ஓர் ஆளுக்கு ஒரு கட்டம்தான். மாமனும் மருமகளும் மணந்த இடத்தில் இரண்டு கோடுகள் வந்து கூடுவது தெளிவாகத் தெரியும். அதற்கான அமைப்பில் தமிழ் எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுத்துவைக்க வேண்டும்.

சுவீகாரப் பிள்ளைகள், மூத்த தாரத்துப் பிள்ளைகள், அக்காள் இறந்தபின் தங்கையை மணந்ததால் உண்டான உறவுகள் ஆகிய எல்லாவற்றையும் இது நன்றாகவே கையாளுகிறது. பிள்ளைக்குத் தாயோடு உள்ள தொடர்பு என்ன, தந்தையோடு உள்ள தொடர்பு என்ன என்று தனித்தனியே குறிக்கலாம் என்பதால், தந்தைக்குப் பெற்ற மகனாகவும் தாய்க்கு மாற்றாள் மகனாகவும் ஒருவரைப் பதிய முடிகிறது.

குறைகளுள் என்னை மிகவும் உறுத்துவது உறவுமுறைப் பெயர்கள். இருவரைத் தேர்ந்தெடுத்து அவர்களுக்குள் என்ன உறவு என்று கேட்டால், கணிப்பான் ஆங்கிலத்தில் விடை சொல்கிறது. அத்தை மகளுக்கும் சித்தி மகளுக்கும் அது தரும் பெயர் ஒன்றே. முறைப்பெண் யார், தங்கை முறை யார் என்று தெரியாத விடை நம் வீட்டில் யாருக்குப் பயன்படும்? பங்காளியா, சம்பந்தியா என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் ஒரு சமூகத்துக்கு, தூரத்தை மட்டும் அளந்து சொல்லும் கணிப்பான் அரைக் கருவிதான். எந்த வழியாக உறவு என்பதை அது காட்டுவதால், முறை சொல்லும் வேலையைப் பெரியவர்களே செய்துவிடுகிறார்கள்.

அடுத்த குறை, இது மேசையில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கானது என்பது. செய்தி கிடைப்பதோ திருமண மண்டபத்தில், சாவு வீட்டில், கைப்பேசி உரையாடலில். கிராம்ப்ஸ் வலைவடிவம் என்று ஒன்றை ஆர்வலர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். அதைத் தனி வழங்கியில் நிறுவினால் உறவினர்கள் உலாவி வழியாகப் பார்க்கலாம், உரிமை கொடுத்தால் திருத்தவும் செய்யலாம். அதை நிறுவக் கணினித் துறையில் வேலை பார்க்கும் பிள்ளை ஒருவர் குடும்பத்தில் வேண்டும். பெங்களூர்த் தமிழ்க் குடும்பத்தில் அப்படி ஒருவர் இல்லாமல் இருப்பது அரிது என்றாலும், அவருக்கு நேரம் கிடைப்பது அதைவிட அரிது. ஆகவே ஒருவர் பொறுப்பேற்றுக் கிராம்ப்ஸில் பதிவதும், மற்றவர்கள் அவருக்கு வாட்ஸப்பில் படமும் குரல்பதிவும் அனுப்புவதுமே நடைமுறைக்கு ஏற்ற ஏற்பாடு. அந்தப் பொறுமையுள்ள ஒருவர் குடும்பத்தில் இல்லையென்றால், இந்த மென்பொருளை நிறுவ வேண்டாம் என்றே சொல்வேன்.

இணையச் சேவைகளோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு ஒரு சொல். ஃபேமிலிசர்ச் இலவசமானது, 1894இல் யூட்டாவில் தொடங்கிய வம்சாவளிச் சங்கத்தின் வழிவந்தது, தன் கையிலிருந்த 24 லட்சம் நுண்படச் சுருள்களை எண்ணிமப்படுத்தும் வேலையை 2021இல் முடித்தது. யாத்திரிகர்களின் வம்ச விவரங்களை எழுதிவைக்கும் ஹரித்வார்ப் புரோகிதர்களான பண்டாக்களின் பேரேடுகளும் அதன் படப்பிடிப்பில் அடங்கும். ஆனால் அதன் பொது மரத்தில் இறந்தவர்களின் பதிவையே அனைவரும் காணவும் திருத்தவும் முடியும். உயிரோடிருப்பவர்கள் பொதுப் பார்வைக்கு வரமாட்டார்கள். அந்த ஏற்பாடு நியாயமானதே. எனினும் கீழ்நோக்கித் தேடுபவருடைய பட்டியலில் பெரும்பாலோர் உயிரோடிருப்பவர்கள்தாம். அவர்களையே மறைத்துவைக்கும் மரத்தால் அவருக்குப் பயன் குறைவு. மைஹெரிட்டேஜ் தளத்தின் இலவசத் திட்டத்தில் 250 பேர் வரையே சேர்க்கலாம். பெரிய குடும்பம் ஒன்று மூன்றாம் தலைமுறை முடிவதற்குள் அந்த எல்லையைத் தொட்டுவிடும். சந்தா கட்டுபவர்களுக்கு இத்தளங்கள் தரும் முக்கியப் பயன், பழைய ஆவணங்களிலிருந்து தாமாகவே எடுத்துக்கொடுக்கும் குறிப்புகள். பிரிட்டனில் 100 ஆண்டுகளுக்குப் பிறகும், அமெரிக்காவில் 72 ஆண்டுகளுக்குப் பிறகும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரி ஏடுகளைத் திறந்துவிடுகிறார்கள். குறிப்புகளில் கணிசமானவை அங்கிருந்து பிறப்பவை. இந்தியாவில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அந்த ஏடுகளை யாரும் பார்வையிட முடியாதபடி மூடிவைத்திருக்கிறது. ஆகையால் குடியாத்தத்துக் குடும்பத்துக்குச் சந்தா கட்டினாலும் குறிப்புகள் கொட்டப்போவதில்லை.

பணம் கொடுத்து ஆள் வைத்துச் செய்துகொள்ளலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். எங்கள் சித்தப்பா ஒருவர் இந்நகரில் இவ்வேலையைச் செய்துகொடுக்கும் ஒருவரிடம் நல்ல தொகை கொடுத்துத் தம் கிளைக்கு ஒரு மரம் வரையச் செய்தார். ஆலமர ஓவியமும் தங்க நிற எழுத்துமாக, கண்ணாடிச் சட்டத்தில் அழகாக இருக்கிறது. எந்தப் பெயர் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டால் விடை இல்லை. மகள்களின் பிள்ளைகள் இல்லை. புதிதாகப் பிறந்த பேரனைச் சேர்க்க வேண்டுமானால் மறுபடியும் முழுக் கட்டணம். மரபணுச் சோதனைப் பெட்டிகளைப் பற்றியும் பேச்சு எழுகிறது. 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023இல் ஏறத்தாழ 69 லட்சம் பேருடைய விவரங்கள் கசிந்ததும், அந்நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் மனு தாக்கல் செய்ததும் செய்திகளில் வந்தவையே. பெரியம்மா பெட்டியிலுள்ள பத்திரிகைகளைப் படித்து முடிக்காதவர் எச்சிலைக் குப்பியில் அடைத்து அனுப்ப வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

உயிரோடிருப்பவர்களின் விவரங்களைக் காப்பதில் கிராம்ப்ஸ் பொறுப்பாகவே நடந்துகொள்கிறது. ஒவ்வொரு பதிவிலும் ஒரு பூட்டுக் குறி இருக்கிறது. மணமுறிவு, தற்கொலை, வீட்டார் ஏற்காத திருமணம் போன்றவற்றை எழுதிப் பூட்டிவைக்கலாம். அறிக்கையோ ஏற்றுமதியோ எடுக்கும்போது பூட்டியவற்றை விலக்கவும், உயிரோடிருப்பவர்களின் பெயரைத் தவிர மற்றவற்றை மறைக்கவும் வழி உண்டு. 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவர் தம் சொந்த, வீட்டு உபயோகத்துக்காக வைத்திருக்கும் விவரங்களுக்கு விலக்கு அளிக்கிறது. அதை நம்பி முழு மரத்தையும் யாரும் பார்க்கும்படி இணையத்தில் திறந்துவிடுவது சரியாகாது. தாயின் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டுத்தான் பல இடங்களில் நம்மை அடையாளம் காண்கிறார்கள்.

அச்சிடுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஐந்து தலைமுறை வழித்தோன்றல் படம் அகலவாக்கில் எந்தத் தாளிலும் அடங்காது. பிளெக்ஸ் கடையில் கொடுத்து நீளமாக அடித்துக் குலதெய்வக் கோயிலில் கட்டினால் எல்லாரும் சுற்றி நின்று பிழை சொல்வார்கள். திருத்தம் சேர்க்க அது நல்ல வழி. கையில் வைத்துப் படிக்க, படத்தைவிட விரிவான வழித்தோன்றல் அறிக்கையே மேல். கிளை கிளையாகப் பிரித்து, சிறு புத்தகமாகக் கட்டிக் கொடுக்கலாம்.

காப்புப் பிரதிகளைப் பொறுத்தவரை, படங்களோடு சேர்த்து ஒரே கோப்பாக எடுக்கும் பொதி வடிவத்தைப் பயன்படுத்தி, வெவ்வேறு ஊர்களில் இருக்கும் உறவினர் சிலரிடம் கொடுத்துவைப்பது நல்லது. அதோடு, வம்சாவளி மென்பொருள்கள் தமக்குள் விவரங்களைப் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவமான ஜெட்காமிலும் அவ்வப்போது ஏற்றுமதி செய்து, வேறொரு நிரலில் திறந்து, தமிழ்ப் பெயர்கள் உடையாமல் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஜெட்காம் கோப்பில் படங்களின் இருப்பிடம் மட்டுமே போகும், படங்கள் போகா. எனவே ஜெட்காமை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேறு மென்பொருளுக்கு மாறுபவர்கள், ஸ்கேன் செய்த பத்திரிகைகள் இருக்கும் அடைவையும் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும்.